பறவை தின்றால் போதுமா?

எட்டி மரம் பழுத்து நிற்கும்போது பார்த்தால் கை தானாக நீளும். சிறு ஆரஞ்சு அளவு, அதே நிறம், வழவழப்பான தோல். உள்ளே கொழகொழவென்ற சதை, அதில் புதைந்த தட்டையான வட்ட விதைகள். இருவாச்சிப் பறவைகள் இந்தப் பழத்தைத் தின்கின்றன. பறவை தின்பதை மனிதரும் தின்னலாம் என்று காட்டுக்குப் போகிறவர்களில் சிலர் இன்றும் நம்புகிறார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை அது.

எட்டி விதையில் இருப்பது ஸ்டிரிக்னின் என்ற நஞ்சு. எட்டிக்கு நெருங்கிய உறவான வேறொரு தாவரத்தின் விதையிலிருந்து 1818இல் பெல்லத்தியே, கவந்தூ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் தண்டுவடத்தில் கிளைசின் என்ற பொருள், தசைகளுக்குப் போகும் கட்டளைகள் மிஞ்சிவிடாமல் பிரேக் போலப் பிடித்து வைக்கிறது. கிளைசின் வந்து அமர வேண்டிய இடத்தை ஸ்டிரிக்னின் அடைத்துக்கொள்கிறது. பிறகு ஒரு சின்னச் சத்தம் போதும், உடம்பின் தசைகள் ஒருசேர இறுகும், முதுகு வில்லாக வளையும். நினைவு மட்டும் தப்பாது. மூச்சுக்கான தசைகளும் இறுகிப்போவதால்தான் சாவு வருகிறது.

பறவைக்குப் பல் கிடையாது. பழத்தை விழுங்கி, சதையைச் செரித்து, விதையை முழுதாகக் கக்கிவிடும், அல்லது எச்சத்தோடு போட்டுவிடும். மென்று அரைக்கும் நம் வாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உடலின் வேதியியலும் வேறு. காட்டு மிளகாயை வைத்து டியூக்ஸ்பரியும் நாபனும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மிளகாயின் காரம் எலிகளை விரட்டுகிறது, பறவைக்கோ அது உறைப்பதே இல்லை. எலி தின்ற விதை முளைக்காது, பறவை வழியாகப் போன விதை முளைக்கும். தன் விதையைச் சுமக்க யார் வேண்டும், யார் வேண்டாம் என்று செடி பிரித்துவைத்திருக்கிறது! பழத்தின் அழைப்பு பல வேளைகளில் நமக்கானதே அல்ல.

உறவுமுறையை வைத்தும் தீர்மானிக்க முடியாது. கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பானையில் உரைப்போமே, அந்தத் தேற்றாங்கொட்டை எட்டியின் பேரினத்தைச் சேர்ந்தது. தேற்றாவில் ஸ்டிரிக்னின் இல்லை, அதன் பழுத்த பழத்தை உண்பதும் உண்டு.

நாக்கு காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். எட்டி கடுங்கசப்பு, துப்பிவிடுவோம். காட்டாமணக்கு விதை அப்படியில்லை, வேர்க்கடலையை ஒத்த சுவை. வேலியோரத்தில் விளையாடும் பிள்ளைகள் பங்குபோட்டுத் தின்றுவிட்டு, ஓயாத வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் சேர்க்கப்படுவது நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு முறையும் செய்தியைப் படிக்க மனம் பதைக்கிறது. வேலியில் நிற்கும் செடி எது என்று பள்ளியிலேயே காட்டிக்கொடுத்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பிள்ளை தெரியாத பழத்தையோ விதையையோ தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். அந்தச் செடியின் இலையும் காயுமாக ஒரு கிளையை ஒடித்துக் கையோடு கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று மருத்துவர் கண்டறிய அது உதவும்.