இளையான்குடி அன்று, குர்லா இன்று

கே.ஏ. குணசேகரனின் ‘வடு’வை மும்பையின் குர்லாவில் வாழும் தமிழர்கள் அவசியம் படிக்க வேண்டும். 2005இல் வெளிவந்த தன்வரலாறு அது. 1955இல் சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்த ஒரு தலித் சிறுவன், எந்த ஊருக்குப் போனாலும் சாதி தனக்கு முன்னால் போய் நின்றதைச் சொல்கிறான். இளையான்குடி முஸ்லிம் தெருக்களில் கிடைத்த மரியாதை சுற்றுக் கிராமங்களில் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலோ, உதவித்தொகைக்குக் கணக்கெடுக்க எல்லார் முன்னாலும் சாதிப் பெயர் சொல்லிக் கை தூக்க வைத்தார்கள். பிள்ளை கூனிக் குறுகிப் போனான்.

ஆனாலும் அந்தத் தொகை அவனுக்கு உண்டு என்று அரசு ஏற்றிருந்தது. தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேற்படிப்புக்கான உதவித்தொகை 1944இலேயே, அம்பேத்கரின் முயற்சியால் தொடங்கிவிட்டது. குணசேகரன் இளையான்குடி, சிவகங்கை, மதுரை என்று படித்து, நாட்டார் பாடல்களைத் தேடி அலைந்து, மேடையேறிப் பாடி, நாடகம் எழுதி, கடைசியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியரானார். சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கும் இயக்குநராக இருந்தார். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அவருடையது. 2016 ஜனவரியில் மறைந்தார்.

அவர் படித்த அதே காலத்தில் நெல்லைப் பக்கத்திலிருந்து ரயிலேறியவர்கள் தாராவியிலும் குர்லாவிலும் குடிசை போட்டார்கள். அன்று குர்லாவில் ஸ்வதேசி மில் ஓடியது, பிரீமியர் கார் ஆலை ஓடியது. இன்று இரண்டும் இல்லை. பக்கத்திலேயே பாந்த்ரா குர்லா வளாகம் கண்ணாடிக் கட்டடங்களாக எழுந்து நிற்கிறது. மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலினா வளாகம் ஒரு பஸ் தூரம். கிராமத்துப் பிள்ளை நடந்த சுற்றுவழி இங்கே தேவையே இல்லை என்று தோன்றும்.

ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அதற்குரிய சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே பம்பாயில் மருத்துவம் படிக்க இடம் கேட்ட, ஆந்திரத்திலிருந்து வந்த பழங்குடி மாணவருடையதுதான். 2018இல் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதிசெய்தது. குடும்பம் 1950 ஆகஸ்ட் 10 அன்று எங்கே வசித்தது என்பதே கணக்கு. தாத்தா அதற்குப் பிறகு ரயிலேறியிருந்தால், குர்லாவிலேயே பிறந்த பேத்திக்கும் மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீடு இல்லை. சாதி மட்டும் மாநில எல்லையில் இறங்கிக்கொள்ளவில்லை; அவர்களோடு கூடவே வந்தது.

மாரந்தையைவிட்டு மதுரை வரை போனவருக்குக் கை கொடுத்த ஏற்பாடு, மும்பை வரை வந்தவரின் பேத்திக்கு இல்லை. இது அநீதி என்றே நான் சொல்வேன். பிறந்து வளர்ந்து படித்த மாநிலத்திலேயே கல்விச் சலுகை கிடைக்க நாடாளுமன்றம் வழிசெய்ய வேண்டும். மும்பைத் தமிழ் அமைப்புகள் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் முதலில் இதைக் கேட்கட்டும்.