இறுகிப்போன ஃபோகஸ் வளையம்

பழைய லென்ஸ் ஒன்று மேசைக்கு வந்தால், கண்ணாடியைப் பார்க்கும் முன்பே ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பேன். முழுச் சுற்றும் ஒரே சீராக இறுகியிருந்தால் உள்ளே கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பிடித்தால், லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து நசுங்கியிருக்கும். நறநறவென்றால் மணல். முதல் வகையை நம்பிக்கையோடு கழற்றலாம்.

இப்போது என் மேசையில் இருப்பது ஹீலியோஸ் 44-2. ஜெனிட் கேமராக்களோடு சோவியத் நாட்டிலிருந்து வந்த 58 மி.மீ. லென்ஸ், ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் அமைப்பைப் பின்பற்றியது. பின்னணியைச் சுழல்போல் கரைத்துக் காட்டுவதால் இன்றைய இளைஞர்களும் தேடி வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் பலரும் சொல்லும் முதல் குறை, 'வளையம் அசையவே மாட்டேன்கிறது' என்பதுதான்.

வளையத்தைத் திருப்பும்போது கண்ணாடித் தொகுதி முன்னும் பின்னும் நகர வேண்டும். அதற்காக, மரை வெட்டிய உலோகக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கின்றன. அந்த அமைப்புக்கு ஹெலிகாய்டு என்று பெயர். மரைகளுக்கு நடுவே பூசிய கிரீஸ், எண்ணெயைச் சோப்பு போன்ற ஒரு பொருள் பிடித்து வைத்திருக்கும் கலவை. பல வருஷங்களில் எண்ணெய் பிரிந்து போய்விடும். மிஞ்சுவது பழுப்பு நிறப் பிசின்.

இதற்குத் தையல் மெஷின் எண்ணெயையோ டபிள்யூடி-40-ஐயோ இடுக்கில் விடுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அன்றைக்கு வளையம் சுற்றும். ஆனால் எண்ணெய் விட்ட இடத்தில் நிற்காது; படர்ந்து, ஒளியை அளந்து விடும் அப்பெர்ச்சர் தகடுகளில் ஏறும். ஹீலியோஸ் 44-2-இல் அந்தத் தகடுகளைக் கையால்தான் மூடுகிறோம், சமாளிக்கலாம். ஸ்பிரிங்கில் இயங்கும் லென்ஸில் தகடுகள் ஒட்டிக்கொண்டு நேரத்துக்கு மூடாது. படம் வெளுத்துப்போகும்.

சரியான வழி, பழைய கிரீஸை மொத்தமாக எடுப்பது. முதலில் கண்ணாடித் தொகுதியைக் கழற்றித் தனியே மூடி வைக்க வேண்டும். பிறகு வளையத்தை இன்ஃபினிட்டியில், அதாவது கடைசித் தூரக் குறியில், நிறுத்தி ஓர் அடையாளம். அதன்பின் மெல்ல, மிக மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு குழாய் இன்னொன்றை விட்டு விலகும் அந்தக் கணத்தில் கையை நிறுத்தி, இரண்டிலும் ஊசியால் நேருக்கு நேர் கீற வேண்டும். வேலையின் உயிரே இந்தக் கீறல்தான். ஹெலிகாய்டில் மரை பல இடங்களில் தொடங்கும். எதில் நுழைத்தாலும் ஏறும், சரியானது ஒன்றே. தவறானதில் ஏற்றினால் தூரத்துக் காட்சி ஒருபோதும் கூர்மையாகாது.

கழுவ லைட்டர் பெட்ரோலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்; பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. தின்னர் வேண்டாம்; எண்களுக்கு அடித்த பெயின்ட்டையும் கரைத்துவிடும். மரையின் அடிப்பள்ளம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். காய்ந்த பிறகு ஹெலிகாய்டு கிரீஸைப் பல்குச்சி நுனியில் தொட்டு, மரைமேல் மெல்லிய படலமாகப் பூசுவேன். அப்பிவிட்டால் மிச்சம் பிதுங்கி உள்ளே போகும். சைக்கிள் கடைக் கிரீஸ் வேண்டாம். ஃபோகஸ் வளையம் வழுக்கி ஓடக் கூடாது. விரலுக்கு லேசான எதிர்ப்பு கொடுத்தால்தான் நினைத்த புள்ளியில் நிற்கும்.

பூட்டியதும் தூரத்துக் கோபுரத்தையோ செல்போன் டவரையோ பார்த்துச் சோதியுங்கள். டிஜிட்டல் கேமராவில் பொருத்த உதவும் அடாப்டரை இதற்கு நம்ப வேண்டாம். இந்த எம்42 மரை வகை லென்ஸ் வந்து உட்காரும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 45.46 மி.மீ.; அடாப்டர்கள் பலவற்றில் அது சற்றுக் குறைந்துவிடும். ஃபிலிம் கேமராவில் மாட்டிப் பார்ப்பதே சரி.

ஒற்றைக் குவியத்தூரமும் எளிய அமைப்பும் கொண்ட இதுபோன்ற லென்ஸில் கை பழகுங்கள். ஜூம் லென்ஸையும் அப்பாவின் ஞாபகமாக வைத்திருக்கும் லென்ஸையும் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.