ரத்தத்துக்கு ஒரு பாஸ்போர்ட்

வா கண்ணு, பக்கத்தில் உட்கார். சைக்கிள் பந்தய வீரர்கள் ஊக்கமருந்து போட்டு மாட்டிக்கொண்ட செய்தியைப் படித்தால், உன்னைப் போன்ற சுட்டிகள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். "ஒருத்தர் மட்டும் மருந்து போட்டால் ஏமாற்று வேலை. சரி. எல்லோருமே போட்டுக்கொண்டால் எல்லோரும் சமம்தானே?"

சபாஷ்! பெரியவர்களே தடுமாறும் கேள்வி இது. பதிலைத் தேடி நாம் ரத்தத்துக்குள்ளேயே போகப்போகிறோம். தயாரா?

முதலில் பந்தயம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். உலகிலேயே பெரிய சைக்கிள் பந்தயம் டூர் டி பிரான்ஸ். 1903-இல் தொடங்கியது. வழக்கமாக ஜூலை மாதம், மூன்று வாரம் நடக்கும். மொத்தம் 21 கட்டங்கள். ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். நடுவில் ஆல்ப்ஸ், பிரனீஸ் என்று இரண்டு பெரிய மலைத்தொடர்கள் வேறு. மொத்த நேரக் கணக்கில் முன்னால் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி.

மலை ஏறும்போது கால் தசைகளுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதை நுரையீரலிலிருந்து சுமந்து வருபவை ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள். அவை கூடினால் ஆக்சிஜன் கூடும். ஆக்சிஜன் கூடினால் களைக்காமல் ஏறலாம். இதுவரை புரிகிறதா?

நல்லது. இப்போது ஒரு சின்ன அளவு. கொஞ்சம் ரத்தத்தைக் குழாயில் எடுத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். சிவப்பு அணுக்கள் அடியில் படியும். மேலே வெளிர்மஞ்சள் நீர் நிற்கும். நூறு பங்கு ரத்தத்தில் எத்தனை பங்கு சிவப்பு அணு என்று பார்ப்பார்கள். ஆண்களுக்கு இது பெரும்பாலும் 40-க்கும் 50-க்கும் இடையில் இருக்கும். டாக்டர்கள் இதை ஹீமட்டோகிரிட் என்பார்கள். நாம் 'ரத்த எண்' என்று வைத்துக்கொள்வோம்.

சிவப்பு அணுக்கள் எங்கே பிறக்கின்றன? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். எத்தனை பிறக்க வேண்டும் என்று மஜ்ஜைக்கு யார் சொல்வது? இங்கேதான் உன் பள்ளிக்கூட மணி வருகிறது. மணி அடித்தால் பிள்ளைகள் வகுப்பிலிருந்து வெளியே வருவீர்கள் அல்லவா? உடம்பில் அந்த மணியை அடிப்பது சிறுநீரகம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை அது கண்டுபிடித்துவிடும். உடனே ஒரு ஹார்மோனை அனுப்பும். அதன் பெயர் எரித்ரோபொயட்டின். சுருக்கமாக ஈ.பி.ஓ. இதுதான் மணியோசை. ஓசை கேட்டதும் மஜ்ஜையிலிருந்து புதிய சிவப்பு அணுக்கள் கிளம்பும். போதுமான அணுக்கள் வந்ததும் சிறுநீரகம் மணி அடிப்பதைக் குறைத்துவிடும்.

சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். மணி அடிக்க ஆள் இல்லை. சிவப்பு அணுக்கள் குறைந்து நோயாளி சோர்ந்துவிடுவார். அவர்களுக்காக விஞ்ஞானிகள் 1980-களில் ஈ.பி.ஓ.வை ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு அது பெரிய வரம்.

ஆனால் பார், நல்ல மருந்து தப்பான கைக்குப் போய்விட்டது. நோயே இல்லாத சைக்கிள் வீரர்கள் சிலர் அதை ஊசியில் போட்டுக்கொண்டார்கள். வெளியாள் ஒருவர் வந்து ஓயாமல் மணி அடித்தது போல் ஆயிற்று. சிவப்பு அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகின. மலையில் வேகம் கூடியது. கூடவே ஆபத்தும் வந்தது. அணுக்கள் நெருங்கினால் ரத்தம் கெட்டியாகும். இதயம் சிரமப்பட்டுத் தள்ள வேண்டும். ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

"ஏன் பரிசோதித்துப் பிடிக்கவில்லை?" என்கிறாயா? பிடிக்க வழி இல்லை. ஈ.பி.ஓ. எல்லோர் உடம்பிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள். எது சொந்தம், எது ஊசி என்று அப்போது பிரிக்கத் தெரியவில்லை.

அதனால் சர்வதேச சைக்கிள் சங்கம் 1997-இல் ஒரு கோடு போட்டது. ஆண்களுக்கு ரத்த எண் 50. அதைத் தாண்டினால் 15 நாள் பந்தயத்தில் இறங்கக் கூடாது.

இப்போது பென்சிலை எடு. உன் கேள்விக்கான கணக்கு இதுதான்.

இரண்டு வீரர்கள் என்று வைத்துக்கொள். ஒருவருக்குப் பிறவியிலேயே ரத்த எண் 41. மற்றவருக்கு 48. இருவரும் மருந்து போட்டு, மாட்டிக்கொள்ளாமல் 50-இல் நிறுத்துகிறார்கள். முதல் ஆளுக்கு எவ்வளவு கூடியது? 9. இரண்டாம் ஆளுக்கு? வெறும் 2. அதே மருந்து, அதே கோடு. ஆனால் ஒருவருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் லாபம், மற்றவருக்குச் சொற்பம்.

எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் சமமாகவில்லை. பார்த்தாயா?

நீ விடமாட்டாய், தெரியும். "பிறவியிலேயே 48 இருப்பது மட்டும் நியாயமா?" என்பாய். ஒருவர் உயரமாகப் பிறக்கிறார், ஒருவருக்கு நுரையீரல் பெரிது, ஒருவருக்குத் தசை வலிமை. ரத்த எண் மட்டுமே யாரையும் ஜெயிக்கவைக்காது. தனக்குக் கிடைத்த உடம்பைப் பயிற்சியால் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார் என்று பார்க்கத்தானே பந்தயமே வைக்கிறோம்?

இன்னொருவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மருந்து வேண்டாம் என்கிறவர். அவர் கதையைக் கேள்.

1998 ஜூலையில், டூர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, பிரான்ஸ் எல்லையில் ஒரு காரைச் சோதித்தார்கள். ஃபெஸ்டினா என்ற அணியின் கார். உள்ளே ஏராளமான ஈ.பி.ஓ., இன்னும் பல மருந்துகள். அந்த அணியையே பந்தயத்திலிருந்து வெளியேற்றினார்கள். விசாரணையில், மருந்து வேண்டாம் என்று மறுத்த ஒருவரின் பெயரும் வெளியே வந்தது. கிறிஸ்டோஃப் பாசோன் என்ற பிரெஞ்சு வீரர்.

அடுத்த ஆண்டு அவர் வேறோர் அணிக்காக டூரில் ஓட்டினார். பந்தயம் இன்னும் சுத்தமாகவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். மற்ற வீரர்களுக்குப் பிடிக்கவில்லை. பேச்சு நின்றது. மஞ்சள் ஜெர்சி அணிந்திருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் சைக்கிளில் அருகே வந்து, 'நீ வீட்டுக்குப் போய்விடுவது நல்லது' என்ற அர்த்தத்தில் பேசினார். சீக்கிரமே பாசோன் பந்தயத்தை விட்டு விலகினார். பெயர் சுத்தமாக இருந்தவர் வெளியே போனார். இது எப்படிச் சமம், சொல்?

ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை ஜெயித்தார். புற்றுநோயிலிருந்து மீண்டவர் என்பதால் உலகமே அவரைக் கொண்டாடியது. ஆனால் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பிடம், அவருடன் முன்பு ஓட்டிய 11 பேர் நடந்ததைச் சொன்னார்கள். 2012-இல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஏழு பட்டங்களையும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தின் மேலேயே அவ்வளவு சந்தேகம்.

சரி, விஞ்ஞானிகள் சும்மா இருந்தார்களா? இல்லை. 2000-இல் பிரான்ஸ் ஆய்வகம் ஒன்று வழி கண்டுபிடித்தது. ஆய்வக ஈ.பி.ஓ.வை வெள்ளெலி வகை ஒன்றின் செல்களில் வளர்க்கிறார்கள். அதனால் அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துணுக்குகள் நம்முடையதிலிருந்து சற்று மாறுகின்றன. சிறுநீரில் உள்ள ஈ.பி.ஓ.வை மின்சாரத்தால் பிரித்தால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் போய் நிற்கும். வெளியாள் அடிக்கும் மணியின் ஓசை வேறு என்று காது கண்டுபிடித்துவிட்டது!

ஏமாற்றுகிறவர்கள் வேறு வழி தேடினார்கள். தங்கள் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துக் குளிரில் வைத்து, பந்தயத்தின்போது திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். சொந்த ரத்தம். அந்நிய மருந்து எதுவும் இல்லை. எப்படிப் பிடிப்பது? நீயே யோசி. நான் காத்திருக்கிறேன்.

சிறுநீரகம் என்ன செய்யும் என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? அணுக்கள் போதும் என்றால் மணியை நிறுத்தும். ரத்தம் கூடுதலாக ஏறியதும் மணி ஓய்ந்துவிடும். புதிதாகப் பிறக்கும் பிஞ்சு அணுக்கள் குறைந்துவிடும். சிவப்பு அணு நிறைய, பிஞ்சு அணு மட்டும் குறைவு. அங்கேதான் சந்தேகம்!

2008-இல் சைக்கிள் சங்கம் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு 'உயிரியல் பாஸ்போர்ட்' தொடங்கியது. ஆண்டு முழுவதும் திடீர் திடீரென்று ரத்தம் எடுத்து, எண்களைக் குறித்து வைப்பார்கள். நிபுணர்கள் பெயர் தெரியாமலே அந்த எண்களைப் பார்ப்பார்கள். புகழ் பெற்றவர், புதியவர் என்ற பாகுபாடு வராது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? எல்லோருக்கும் ஒரே கோடு என்பது போய்விட்டது. ஒவ்வொருவரையும் அவருடைய பழைய எண்களோடு ஒப்பிடுகிறார்கள். எப்போதும் 48 இருப்பவர் மேல் சந்தேகமே இல்லை. எப்போதும் 41 இருப்பவருக்குத் திடீரென்று 49 வந்தால், 50-க்குக் கீழே இருந்தாலும் கேள்வி வரும். பழைய கோட்டால் பிடிக்க முடியாத ஏமாற்று இதில் பிடிபடலாம்.

இதோடு ஏமாற்று ஒழிந்துவிட்டதா? இல்லை. மருந்தைத் துளித்துளியாகப் போட்டுத் தப்பப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்காணிப்பும் தொடர்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை நாடித்துடிப்பு என்று எண்ணு. ஒரு வாரம் எழுதி வை. அக்காவையோ தம்பியையோ எழுதச் சொல். இருவர் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா? உன் எண் எந்த நாளாவது திடீரென்று தாவியதா? அன்று ஏன் தாவியது? காய்ச்சலா, கெட்ட கனவா? காரணத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டால், உன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் தயார்.