வெந்நீருக்குக் கேஸா, கரண்டா?

விறகடுப்பை விட்டுவிட்டுக் குளியலறைக்கு ஹீட்டர் வாங்க நினைக்கிறவங்க முதல்ல கணக்கைப் பாருங்க.

20 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் ஆகும். கேஸ் என்றால் சுமார் 45 கிராம், 14.2 கிலோ சிலிண்டர் 300 வாளிக்கு வரும். உங்க ஊர் விலையை வைத்து நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

கரண்டு அடிக்கடி போகிற ஊருக்குக் கேஸ் கைகொடுக்கும். ஆனால், தொட்டி தாழ்வாக இருந்தால் தண்ணி வேகம் போதாமல் ஹீட்டர் பற்றாது. இன்னொன்று, கேஸ் எரியக் காற்று வேணும். கதவு, ஜன்னல் அடைத்த சின்ன அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். நிறமில்லை, வாசனையில்லை, குளிக்கப் போனவர் மயங்கி விழுவார், உயிரே போய்விடும். ஆகவே, ஹீட்டரையும் சிலிண்டரையும் வெளியே வைத்து, குழாய் வழியாக வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டு போங்க.

கரண்டு ஹீட்டருக்கு எர்த் சரியாக இருக்கணும். மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சும் வேணும். வாளியில் போடுகிற ராடு என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணியில் கை வைக்கணும்.

எதை வாங்கினாலும் சரி. காசுக் கணக்குக்கு முன்னால் உயிர்க் கணக்கைப் பாருங்க.