சட்டையில் தரிக்கும் செவி

ஒருவருடைய பேச்சு நாடெங்கும் கேட்க வேண்டுமாயின் வானொலி நிலையத்தின் படியேற வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. ஓசை புகாத கனத்த கதவு, மெத்தை பொருத்திய சுவர், முகத்திற்கு நேரே நிமிர்ந்து நிற்கும் பெரிய ஒலிவாங்கி, கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டும் பொறியாளர் என அதற்கெனத் தனி உலகமே இருந்தது. இன்றோ பள்ளி மாணவனும் தன் கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்துக் காணொளி எடுக்கிறான். சமையல் சொல்லித்தரும் தாய்மாரும், பாடம் நடத்தும் ஆசிரியரும், பயிர்நோய் பற்றிப் பேசும் விவசாயியும் அவ்வாறே செய்கின்றனர். படமின்றிக் குரலை மட்டும் பரப்பும் முறைக்குப் 'பாட்காஸ்ட்' என்ற பெயர் தோன்றியதே 2004ஆம் ஆண்டில்தான். அதுவும் இப்போது நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்டது. இவர்கள் அனைவரும் சில வாரங்களில் வந்து சேரும் இடம் ஒன்றே. "நல்ல மைக் ஒன்று வேண்டும்."

பெற்றோர் திகைப்பது இங்கேதான். கடையில் சில நூறு ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கிறது. முப்பதாயிரத்துக்கு மேலும் ஒன்று இருக்கிறது. இரண்டும் பார்வைக்குச் சட்டைப் பித்தான் போலவே உள்ளன. பிள்ளை கேட்பது தேவையா, ஆடம்பரமா? தேவையெனில் எதை வாங்குவது? இவ்வினாக்களுக்கு விடை காணுமுன், இக்கருவி எதற்காக என்பதைச் சற்றுத் தெளிந்துகொள்வது நலம்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் ஒரு பாட்டியார் இருந்தார். 1942ஆம் ஆண்டுப் போரின்போது பர்மாவிலிருந்து நடந்தே வந்த பல்லாயிரம் தமிழருள், சிறுமியாகத் தந்தையின் கைபிடித்து வந்தவர். அவ்வழி நடையை அவர் சொல்லக் கேட்பது ஒரு தனி அனுபவம். பேரப்பிள்ளைகள் நல்லெண்ணத்துடன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தனர். முகம் முழுவதும் விழ வேண்டுமென்று கைப்பேசியை அறையின் மறுகோடியில் வைத்தார்கள். தலைக்குமேல் மின்விசிறி சுழன்றது. சமையலறையில் பாத்திரம் துலக்கும் ஓசை. மறு ஆண்டு பாட்டியார் காலமானார். இன்று அப்பதிவைப் போட்டால் முகம் தெளிவாக இருக்கிறது, கண்ணீரும் தெரிகிறது. சொற்கள் மட்டும் அடுத்த வீட்டுப் பேச்சுப் போல் முணுமுணுக்கின்றன. ஆற்றைக் கடந்த இடத்தின் பெயரை அவர் சொல்லும்போது விசிறி அதை விழுங்கிவிட்டது. அப்பெயரை அறிந்தவர் அவ்வீட்டில் இப்போது எவருமில்லை.

இதில் கைப்பேசியின் குற்றம் ஒன்றுமில்லை, குற்றம் தூரத்தினுடையது. திறந்த வெளியில் ஒலி கடக்கும் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் அதன் வலிமை 6 டெசிபல் குறைகிறது. வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்த செவியை 320 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் தூரம் நான்கு முறை இரட்டிக்கிறது. ஒலி 24 டெசிபல் தாழ்ந்து, அதன் அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகிறது. விசிறியின் இரைச்சலோ குறைவதில்லை. அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. விலையுயர்ந்த கைப்பேசியானாலும் இக்கணக்கிலிருந்து தப்ப வழியில்லை. ஆகவே, கடையில் 'காலர் மைக்' எனப்படும் இச்சிறு கருவி செய்யும் பெரிய உதவி ஒன்றே: கேட்கும் செவியைப் பேசுபவரின் மார்பருகே கொண்டு வைக்கிறது. மற்றச் சிறப்புகள் யாவும் இதற்குப் பின்னரே.

இதை உணர்ந்தால் பலருடைய பணம் மிச்சமாகும். மேசையருகே அமர்ந்து பாட்காஸ்ட் பேசுவோருக்குக் கம்பியில்லா மைக் தேவையே இல்லை என்பது என் துணிபு. கம்பியுள்ள காலர் மைக் விலை குறைவு. அதில் வானலைத் தடங்கல் இல்லை. பெரும்பாலானவற்றில் மின்கலக் கவலையும் இல்லை. நின்றும் நடந்தும் பேசுவோர், வயலிலும் கடைத்தெருவிலும் பிறரைப் பேட்டி காண்போர், குழந்தைகளுக்கு விளையாட்டோடு பாடம் சொல்வோர் ஆகியோருக்கே கம்பி இடைஞ்சலாகிறது. கேட்பவர் இவர்களுள் ஒருவரா என்று முதலில் பாருங்கள்.

கம்பியில்லா மைக் புதுமையன்று. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் மேடைக் கலைஞர்க்கென 1953ஆம் ஆண்டிலேயே அத்தகைய ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து முறைப்படி அதனுள் வெற்றிடக் குழாய்கள் இருந்தன. 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் இருவர் கண்ட 'எலெக்ட்ரெட்' ஒலிவாங்கிதான், மைக்கை மலிவாகவும் நுண்ணியதாகவும் செய்ய வழிவகுத்தது. எனினும் நெடுங்காலம் அனுப்பும் பெட்டியை இடுப்பில் கட்டி, கம்பியைச் சட்டைக்குள் ஓட்டி, மைக்கைக் காலரில் மாட்ட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட 'வயர்லெஸ் கோ' என்பதில் மைக்கும் அனுப்பும் பெட்டியும் ஒன்றாகி, 31 கிராம் எடையில் ஆடையிலேயே கவ்விக்கொண்டன. 2024இல் வந்த சீனாவின் டிஜேஐ 'மைக் மினி' 10 கிராம்தான். மெல்லிய பருத்திச் சட்டையும் தொங்காத எடை அது.

இனி வாங்குவோர் பார்க்க வேண்டியவை. ஆடையில் தரிப்பதை 'டிரான்ஸ்மிட்டர்' என்றும், கைப்பேசியிலோ கேமராவிலோ செருகுவதை 'ரிசீவர்' என்றும் கடைக்காரர் சொல்வார். முதற்சிக்கல் இந்த ரிசீவரின் முனையில்தான் எழுகிறது. ஐபோன்களில் 2023இல் வந்த 15ஆம் வரிசை முதலே 'டைப்-சி' வாய் உள்ளது. அதற்கு முந்தியவற்றில் 'லைட்னிங்' வாய். வீட்டில் இருவரிடம் இருவகைக் கைப்பேசிகள் இருந்தால், முனையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ளதையே வாங்க வேண்டும். கேமராவுடனும் இணைக்கும் எண்ணமிருப்பின் உருண்டை முனைக் கம்பியை உற்று நோக்குங்கள்: அதன் உலோகத் தண்டில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் அது கேமராவுக்குரியது, மூன்று இருந்தால் கைப்பேசிக்குரியது. மாற்றிச் செருகிவிட்டு, "மைக் பழுது" என்று கடைக்குத் திரும்பி வருவோர் பலர். கைப்பேசியின் தடித்த உறை முனையை முழுதும் உட்புக விடாமல் தடுப்பதும் உண்டு. இன்னொன்று: சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உடன்வரும் கேமரா செயலி, வெளியே செருகிய மைக்கை ஏற்காமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும், வேறு செயலியை நாட நேரும். ரிசீவரே இன்றி 'ப்ளூடூத்' வழியாக நேரே இணையும் வசதி சிலவற்றில் உண்டு. அதைப் பெரிதாக எண்ண வேண்டாம். பல கைப்பேசிகளில் அவ்வழி வரும் குரல் தொலைபேசிக் குரலின் தரத்துக்கு இறங்கிவிடும்.

பெட்டியின்மேல் 200 மீட்டர், 400 மீட்டர் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது தடையேதுமற்ற வெட்டவெளியின் கணக்கு. இக்கருவிகளுட் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. உரிமம் பெறாமல் பயன்படுத்தத் தக்க வரிசையாதலின் வைஃபை, ப்ளூடூத் ஆகியனவும் அங்கேயே நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. நம் உடலில் பெரும்பகுதி நீராதலின் அவ்வலைகளை அது நன்றாகவே உறிஞ்சும். மார்பில் மைக் தரித்தவர் கேமராவுக்கு முதுகுகாட்டித் திரும்பினாலே, இருபது முப்பது அடியிலும் குரல் அறுந்து போகக்கூடும். திருமண மண்டபம் போலப் பல நூறு கைப்பேசிகள் கூடும் இடத்தில் கேட்கவே வேண்டாம்.

ஆகையால் நான் பணம் கொடுக்கத் தக்கதெனக் கருதும் சிறப்பு ஒன்று உண்டு. அனுப்பும் துண்டே குரலைத் தன்னுள்ளும் பதிந்து வைத்துக்கொள்ளும் வசதி அது. வானலை அறுந்தாலும் மூலப்பதிவு அழியாது. ரோட் 'வயர்லெஸ் கோ 2', டிஜேஐ 'மைக் 2' ஆகியவற்றில் இது உண்டு. முன்னர்க் குறிப்பிட்ட 'மைக் மினி'யில் இல்லை. சமையற்குறிப்பு அறுந்தால் மறுபடி சொல்லலாம். முதியவர் ஒருவரின் நினைவுகளையோ, ஒரே ஒரு முறை நிகழும் நிகழ்ச்சியையோ பதிவு செய்வோர் இதைக் கேட்டு வாங்குவதே முறை. இவ்வகையில் உயர்ந்தவற்றில் '32 பிட் ஃப்ளோட்' என்ற சொல்லையும் காணலாம். திடீரென உரக்கப் பேசியதால் சிதைந்ததெனத் தோன்றும் ஒலியையும், மிக மெலிந்து பதிந்ததையும் பின்னர்ச் சீராக்க இடந்தரும் பதிவு முறை அது. ஒலியளவைச் சரிபார்க்கத் தனியாள் இல்லாத வீடுகளுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் மைக்கின் தாங்கும் அளவையே மீறிய கூச்சலை அதுவும் திருத்தாது.

இரைச்சல் நீக்கும் பித்தான் இப்போது மலிவான மைக்குகளிலும் வருகிறது. விசிறியை அடக்கும் வேகத்தில் அது குரலையும் சுரண்டி, நீருக்கடியில் பேசுவது போல் ஆக்கிவிடும். பேச்சுக்கென்றே அமைந்ததாதலின் பாட்டையும் வயலின் இசையையும் பாழ்படுத்தும். அவ்வாறு பதிந்ததைத் திரும்பப் பெறுவது இயலாது. இயன்றவரை விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுவது மேல், வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

தரிக்கும் இடம் பற்றியும் ஒரு சொல். முகவாய்க்கு ஒரு சாண் கீழே, மார்பின் நடுவில் தரிப்பது பொருத்தம். கஞ்சி போட்ட சட்டையும் பட்டுச் சேலையும் ஒவ்வோர் அசைவிலும் சரசரக்கும்; கழுத்துச் சங்கிலி மைக்கின்மேல் தட்டித் தட்டிக் கேட்பவர் தலையிலும் தட்டும். கடற்கரையிலும் மாடியிலும் பேசுவோர், உடன்வரும் பஞ்சுக் குல்லாயைக் கட்டாயம் மாட்ட வேண்டும். இருவர் பேசும்போது ஆளுக்கொரு மைக் தருவது சிறந்தது. ஆயினும் ரிசீவர் 'ஸ்டீரியோ' நிலையில் இருந்தால், கேட்பவரின் ஒரு காதில் ஒருவரும் மறுகாதில் மற்றவருமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதை 'மோனோ'வுக்கு மாற்றிவிடுங்கள்.

சட்டையில் தரித்த செவிக்குக் கண்ணில்லை. கேட்கத் தக்கது, தகாதது என்று அது பார்ப்பதில்லை. 2010 ஏப்ரல் 28 அன்று பிரிட்டனின் பிரதமர் கோர்டன் பிரௌன் தேர்தல் சுற்றுப்பயணத்தில் ராச்டேல் நகரில் முதிய வாக்காளர் ஒருவருடன் தெருவில் முகமலர்ந்து பேசினார். பின்னர்க் காரில் ஏறி, தம் உதவியாளரிடம் அப்பெண்மணியைப் பற்றி இழிவாக ஒரு சொல் கூறினார். தொலைக்காட்சியாரின் சிறு மைக் அவர் மேலாடையிலேயே இருந்தது, அணைக்கப்படவும் இல்லை. சில மணி நேரத்தில் உலகமே அச்சொல்லைக் கேட்டது. அன்றே அவ்வம்மையாரின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் பிரதமருக்கே இது நேர்ந்ததெனில், தங்கையின் சட்டையில் மைக்கை மாட்டிவிட்டு மறந்துபோகும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அடுத்த அறையில் பெரியவர்கள் கடனைப் பற்றியோ, நோயைப் பற்றியோ பேசுவதும் அதில் பதியும். பதிவு தொடங்குமுன் உரியவரிடம் சொல்வதும், முடிந்தவுடன் மைக்கைக் கழற்றி அதன் பெட்டியில் இடுவதும் வீட்டு வழக்கமாக வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் அப்போதே மின்னூட்டத்தையும் ஏற்றிவிடுகின்றன.

கடைக்குச் செல்லும்போது சொந்தக் கைப்பேசியையும், கம்பியுள்ள ஒரு காதுக்கருவியையும் உடன் கொண்டு செல்லுங்கள். மைக்கைத் தரித்து, வழக்கமான குரலில் ஒரு நிமிடம் பேசிப் பதியுங்கள். பேசிக்கொண்டே முதுகைத் திருப்புங்கள். கடை வாயில்வரை நடந்து வாருங்கள். பிறகு மைக்கைக் கழற்றி, கைப்பேசியின் சொந்த மைக்கில் அதே தூரத்தில் நின்று அதையே சொல்லிப் பதியுங்கள். இரண்டையும் காதுக்கருவியில் கேட்டபின் பணப்பையைத் திறக்கலாம். இதற்கு இசையாத கடைக்காரரிடம் திருப்பித் தரும் நிபந்தனையையாவது பட்டியலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.