மூளைக் கட்டியும் மைக்ரோ ஆர்.என்.ஏ.யும்

'க' என்னும் எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி வைத்தால், அதிலுள்ள உயிரோசை அடங்கி 'க்' ஆகிவிடுகிறது. நம் உடலின் உயிரணுக்களிலும் இத்தகைய புள்ளிகள் உண்டு. அவற்றை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பர்.

மரபணுவின் கட்டளையைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து செல்ல, அதன்படி புரதம் உருவாகிறது. ஏறக்குறைய 22 அலகுகளே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. அத்தூதின்மேல் ஒட்டிக்கொண்டால் புரத ஆக்கம் குறைகிறது. 1993இல் சிறு புழுவொன்றை ஆராய்ந்து இதனை வெளிப்படுத்திய விக்டர் அம்புரோசு, கேரி ரவ்குன் இருவரும் 2024இல் நோபெல் பரிசு பெற்றனர்.

புள்ளி இடம் மாறினால் சொல் கெடும். கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக் கட்டியில் 21ஆம் எண் மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகுந்திருப்பதை அறிஞர் 2005இல் அறிவித்தனர். பழுதுற்ற அணு தானே மடிவதற்குரிய கட்டளைகளை அது அடக்கிவிடுகிறது. மடிய வேண்டிய அணு பெருகுகிறது. நலமான மூளையில் நிறைந்துள்ள 128ஆம் எண்ணோ கட்டியில் குறைகிறது. அது அடக்கி வைத்திருந்த வளர்ச்சிக் கட்டளைகள் கட்டவிழ்கின்றன.

அறுவை, கதிர், மருந்து மூன்றும் பெற்றும் இந்நோயாளருள் பெரும்பாலோர் ஈராண்டு வாழ்வதில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் குமாரவேல் சோமசுந்தரம் குழுவினர், 10 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவைக் கொண்டு அவர்தம் ஆயுளை மதிப்பிடலாம் என 2011இல் காட்டினர்.

ஆயினும் இவ்வறிவு இன்னும் மருந்தாகவில்லை. மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பரண் புறப்பொருளை எளிதில் உட்புகவிடாது. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. பல கட்டளைகளைத் தொடுவதால், ஒன்றைத் திருத்த மற்றொன்று கெடவும் கூடும். ஆதலின் மாணவர் வினவினால், மருந்து வந்துவிட்டதென்று கூறாது, வழி தெரியத் தொடங்கியுள்ளது என்று மட்டுமே ஆசிரியர் கூறுதல் தகும்.