பிஎச்.டி இல்லாமலே பல்கலைக்கழகத்தில் பிசினஸ் பாடம் எடுக்கலாமா? ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்றால் என்ன?

மார்க்கெட்டிங், பேங்கிங், அக்கவுன்ட்ஸ் என்று 15, 20 வருஷம் ஓடிய பலருக்கும் ஒரு கட்டத்தில் வரும் கேள்விதான் இது: “அடுத்து என்ன?” கல்லூரியில் ஒருநாள் கெஸ்ட் லெக்சர் கொடுக்கப் போனவர், ‘இதையே வேலையாகச் செய்தால் என்ன’ என்று யோசிப்பதும் உண்டு. ஆனால், ‘நமக்குத்தான் பிஎச்.டி இல்லையே, நெட் எழுதலையே’ என்று அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுவார்கள். அப்படி விட வேண்டியதில்லை.

கோவையில் இருந்து மிச்சிகன் வரை

உலகப் புகழ்பெற்ற மேலாண்மைப் பேராசிரியர் சி.கே.பிரகலாத், 1941ல் கோவையில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தது இயற்பியல். முதல் வேலை யூனியன் கார்பைடு பேட்டரி தொழிற்சாலையில். அதன் பிறகுதான் அகமதாபாத் ஐஐஎம், ஹார்வர்டு முனைவர் பட்டம், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் என்று பாதை மாறியது. 2009ல் பத்மபூஷண் விருதும் பெற்றார்.

அவர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத்தான் பேராசிரியர் ஆனார். இப்போது அனுபவத்தை மட்டுமே வைத்து வகுப்பறைக்குள் போகவும் ஒரு வழி இருக்கிறது.

என்ன திட்டம்?

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைதான் ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’. மேலாண்மை, வணிகவியல், தொழில்முனைவு, சட்டம், ஊடகம் எனப் பல துறை நிபுணர்களும் இதில் வரலாம்.

யாருக்குத் தகுதி?

* தங்கள் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும். உயர் பொறுப்பில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை.
* தொழிலில் சிறந்து விளங்கியவர் என்றால் பிஎச்.டி, நெட் போன்ற கல்வித் தகுதி கட்டாயமில்லை.
* ஏற்கெனவே ஆசிரியர் பணியில் இருப்பவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இதில் சேர முடியாது.

எப்படித் தேர்வு செய்வார்கள்?

துணைவேந்தர் அல்லது இயக்குநர் தகுதியானவர்களை அழைப்பார். விருப்பம் உள்ளவர்கள் தாங்களாகவே விண்ணப்பிக்கவும் செய்யலாம். 2 மூத்த பேராசிரியர்களும், வெளியில் இருந்து ஒரு நிபுணரும் கொண்ட குழு பரிசீலிக்கும். இதற்கென யுஜிசி 2023ல் தனி இணையதளமும் தொடங்கியது.

பாடம் எடுப்பது மட்டும் வேலை இல்லை. பாடத்திட்டம் வடிவமைப்பது, மாணவர்களின் புராஜெக்டுக்கு வழிகாட்டுவது, நிறுவனங்களோடு தொடர்பு ஏற்படுத்துவது எல்லாமே இதில் அடக்கம்.

கவனிக்க வேண்டிய விஷயம்

இது நிரந்தர வேலை இல்லை. இங்கேதான் பலரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள்.

முதலில் அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான் நியமனம். பணியைப் பார்த்து நீட்டிப்பார்கள். மொத்தம் 3 ஆண்டு, விதிவிலக்காக இன்னும் ஓராண்டு. 4 ஆண்டுக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது. 45 வயதில் நல்ல வேலையை விட்டுவிட்டு வருபவர், 49 வயதில் மறுபடியும் வேலை தேட வேண்டி வரலாம்.

சம்பளத்துக்கும் ஒரே அளவு கிடையாது. தொழில் நிறுவனம் நிதி தருவது, கல்வி நிறுவனமே தருவது, கௌரவ அடிப்படையில் வருவது என 3 வகை உண்டு. எந்த வகை, எவ்வளவு தொகை என்பதைச் சேரும் முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குவது நல்லது. முழுநேரம்தான் என்று கட்டாயமில்லை, பகுதிநேரமாகவும் சேரலாம். எனவே கையில் இருக்கும் வேலையை விடாமல் முயன்று பார்ப்பதே பாதுகாப்பு.

நிரந்தரமாக வேண்டும் என்றால்?

அதற்கு வழக்கமான பாதைதான். முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண்ணுடன் நெட் அல்லது செட் தேர்ச்சி வேண்டும். 2023 ஜூலை முதல் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கும் பிஎச்.டி கட்டாயமில்லை என்று யுஜிசி விதியை மாற்றியது. எம்.காம், எம்பிஏ படித்தவர்கள் வேலையில் இருந்துகொண்டே நெட் தேர்வுக்குத் தயாராகலாம்.

சுருக்கமாகச் சொன்னால், கற்பிக்கும் வேலை நமக்குச் சரிப்பட்டு வருமா என்று பார்க்க புரொபசர் ஆஃப் பிராக்டிஸ். கடைசிவரை அதுதான் வேலை என்று முடிவெடுத்துவிட்டால் நெட். இரண்டில் எது வேண்டும் என்று தெளிவான பிறகு ராஜினாமா கடிதம் எழுதலாம்.